பெயரற்ற முகவரியும் மறவாத பேரேடும்

வங்கி தன் வாடிக்கையாளரின் பெயரை அறியும். அவரது கணக்கைப் பிறர் அறியார். 2008 ஒக்டோபரில் சதோஷி நகமொட்டோ என்னும் புனைபெயரில் வெளியான பிட்கொயின் பற்றிய கட்டுரை இவ்வொழுங்கினைத் தலைகீழாக்கியது. கணக்கினை உலகமே காணலாம். உரியவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. இம்மாற்றம் தனிமனிதரின் அந்தரங்கத்தை எவ்வளவு காத்தது என்பதே ஈண்டு நோக்கப்படுவது.

பிட்கொயின் 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. பயனாளரின் கணினி மிகப் பெரிய எண்ணொன்றைக் குருட்டுவாக்கில் தெரிவுசெய்கின்றது. அதுவே இரகசியச் சாவி. அதிலிருந்து பொதுச்சாவியும், பொதுச்சாவியைச் சுருக்கி முகவரியும் கணிக்கப்படுகின்றன. முகவரியிலிருந்து இரகசியச் சாவிக்கு மீளுதல் நடைமுறையில் இயலாது. முகவரி பெறுதற்கு விண்ணப்பமோ அடையாள அட்டையோ வேண்டியதில்லை.

ஆயினும், ஒவ்வொரு கொடுப்பனவும் எவரும் பார்க்கத்தக்க பேரேட்டில் அழியாது பதிவாகின்றது. பல முகவரிகளிலுள்ள பணம் ஒரே கொடுப்பனவில் சேருமாயின், அவை யாவும் ஒருவருக்கே உரியன என ஊகிக்கலாம். இக்குறைபாட்டை மூலக்கட்டுரையே சுட்டி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய சாவியைப் பயன்படுத்துமாறு கூறிற்று. 2013 இல் சாரா மீக்கிள்ஜோனும் அவருடன் ஆய்ந்தோரும் தாமே 344 கொடுக்கல் வாங்கல்களைச் செய்து, பல்வேறு நிறுவனங்களின் முகவரிகளைத் தொகுத்து இனங்காட்டினர். அடையாளம் கோரும் நாணயமாற்று நிலையத்தைப் பணம் அடையுமிடத்துப் பெயரும் முகவரியும் இணைந்துவிடுகின்றன.

இதன் விளைவுகள் விரைவில் வெளிப்பட்டன. 2013 இல் மூடப்பட்ட 'சில்க் றோட்' என்னும் மறைவுச் சந்தையைப் புலனாய்ந்த இரு அமெரிக்க அதிகாரிகள், அதனோடு தொடர்புற்ற பிட்கொயின்களைத் தாமே கவர்ந்தனர். பேரேட்டின் தடம் அவர்களைக் காட்டிக்கொடுக்க, 2015 இல் தண்டனை பெற்றனர். 2016 இல் பிட்பினெக்ஸ் நிலையத்திலிருந்து களவாடப்பட்ட ஏறத்தாழ 120,000 பிட்கொயின்களுள் சுமார் 94,000 2022 இல் மீட்கப்பட்டன.

பேரேடு கள்வரை மட்டும் காட்டுவதன்று. ஒரே முகவரியில் தொடர்ந்து ஊதியம் பெறும் தொழிலாளி அங்கிருந்து செய்யும் செலவுகளை, அம்முகவரியை அறிந்த முதலாளியும் பார்க்கலாம். எனவே முகவரி தருவது புனைபெயரேயன்றி மறைவு அன்று. புனைபெயர் ஒருமுறை வெளிப்பட்டால், அதன்கீழ் நிகழ்ந்த கடந்தகாலமும் உடன் வெளிப்படும். நேற்றுச் செய்த கொடுப்பனவு நாளைய ஆய்வுக் கருவிகளின் முன்னும் நின்றாக வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.