கிளார்க் கண்ட தப்ரபேன்

விஞ்ஞானப் புனைகதை வாசிப்பதைச் சிறுபிள்ளைத்தனமெனக் கருதும் வழக்கம் நமது எழுத்துலகில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பத்திரிகைத் தொழிலில் மூழ்கியிருந்த எனக்கும் அவ்வெண்ணமே இருந்தது. 1980களில், ஊரடங்குச் சட்டம் அமுலிலிருந்த ஓர் இரவில், ஆதர் சி. கிளார்க் எழுதிய 'தி பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலை வாசித்த பின்னரே அதனை மாற்றிக்கொண்டேன்.

கிளார்க் 1956 ஆம் ஆண்டு இலங்கையில் குடியேறியவர். அதே ஆண்டில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி, சுவாமி மலையின் அடிவாரத்தில் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த ஆலயம் அது. எதிர்காலத்தை எழுதியவருக்கு இத்தீவின் இறந்தகாலத்திலும் ஆழ்ந்த நாட்டம் இருந்ததென்பதற்கு இதுவே சான்று.

1979 இல் வெளிவந்து ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் வென்ற இந்நாவலில், இலங்கை 'தப்ரபேன்' என்னும் பண்டைய கிரேக்கப் பெயரைப் பெறுகின்றது. சிகிரியா 'யக்ககல' ஆகின்றது. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பனின் ஐந்தாம் நூற்றாண்டுக் கதை, காளிதாசன் என்னும் மன்னனின் கதையாகின்றது. சிவனொளிபாதமலை 'ஸ்ரீகந்த' என்ற பெயருடன் இரு மடங்கு உயர்கின்றது. அதன் உச்சியிலிருந்து, பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதைக்கு ஓர் உயர்த்தி அமைக்க முனைகின்றார் மோர்கன் என்னும் பொறியியலாளர். இதற்காகத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார் கிளார்க்!

இந்த உயர்த்தி அவரது சொந்தக் கற்பனையன்று. ருஷ்யப் பொறியியலாளர் யூரி ஆர்ட்சுதானோவ் 1960 இலேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். என் மனதைத் தொட்டது வேறொன்று. மலையுச்சியில் வாழும் பௌத்த துறவிகள் இடந்தர மறுக்கின்றனர். அவர்களை அகற்றப் படை வரவில்லை. வழக்கு நடக்கின்றது. பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மலையைத் துறக்க வேண்டுமென்ற பழைய தீர்க்கதரிசனம் பலித்ததும் துறவிகள் தாமாகவே இறங்கிச் செல்கின்றனர். புனித பூமியொன்றைப் பற்றிய பிணக்கு, இத்தீவில் ஒரு துளி இரத்தமின்றித் தீர்கின்றது!

நாவல் வெளிவந்த அதே 1979 ஆம் ஆண்டு ஜூலையில்தான் பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேறியது. நான்கு ஆண்டுகளில் கறுப்பு ஜூலை வந்தது. வெளியே இராணுவ வாகனங்களின் இரைச்சலைக் கேட்டவாறு வாசித்த எனக்கு, வானுக்கு ஏறும் உயர்த்தியைக் காட்டிலும் அந்தத் துறவிகள் அமைதியாக இறங்கிச் சென்ற காட்சியே நம்புதற்கரிய கற்பனையாகத் தோன்றியது.

2007 டிசம்பரில், தமது தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டிக் கிளார்க் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். வேற்றுலக உயிர்கள் உள்ளமைக்குச் சான்று கிடைக்க வேண்டும். மனிதகுலம் எண்ணெய்யை நம்பியிருப்பதைக் கைவிட வேண்டும். இலங்கையில் நிலைத்த சமாதானம் மலர வேண்டும். அண்டவெளியை அளந்தவர் இம்மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது தற்செயலென நான் எண்ணவில்லை.

2008 மார்ச் 19 ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். பதினான்கு மாதங்களின் பின் போர் முடிவுற்றது. அவர் விரும்பிய சமாதானமும் அதனுடன் வந்துசேர்ந்ததா என்பதை, காணாமற்போனோரின் புகைப்படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த தாய்மாரிடமே கேட்டறிய வேண்டும்.