மே முதல் தேதி, காலை ஒன்பது மணி

1834ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். கரடி வேட்டைக்காரர் என்று பெயர் வாங்கி, டென்னசி மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன டேவி கிராக்கெட் நியூயார்க்கைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். கரடிக்கு அஞ்சாத அந்த மனிதரைப் பிராட்வே தெரு கலங்கடித்துவிட்டது. வீட்டுக்கு வீடு தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறியாத குறையாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள், வண்டிகளில் ஏற்றுகிறார்கள். ஊருக்கு ஏதோ பேராபத்து வந்து சனங்கள் தப்பி ஓடுகிறார்கள் என்றே அவர் நினைத்தார். கூட வந்தவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: ஆபத்து ஒன்றுமில்லை, இது வீடு மாறும் நாள்.

இப்படி நினைத்தவர் கிராக்கெட் மட்டுமல்ல. ஆங்கிலேய எழுத்தாளர் பிரான்செஸ் டிரோலப் 1832இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலில், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடும் கூட்டம் போல இந்த நாள் இருப்பதாக எழுதியிருந்தார்.

நியூயார்க்கில் குடியேற்றக் காலத்திலிருந்தே வாடகை வீட்டு ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன: மே முதல் தேதி, காலை ஒன்பது மணி. ஒப்பந்தத்தில் வேறு தேதி குறிப்பிடாவிட்டால் அது மே முதல் தேதி வரைக்கும்தான் செல்லும் என்று 1820இல் சட்டமே வந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மட்டும் ஒரு நாள் தள்ளிக்கொள்ளலாம். மன்ஹாட்டனில் குடியேறப் புறப்பட்ட டச்சுக்காரர்கள் மே முதல் தேதியில்தான் கிளம்பினார்கள், அந்த நினைவாக வந்த வழக்கம் இது என்று ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது. நம்புவதற்குத்தான் ஆதாரம் போதாது.

சாமான் கட்ட எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு அந்த ஊர்க்காரர்களிடம் தெளிவான பதில் இருந்தது. பிப்ரவரி முதல் தேதி வீட்டுக்காரர் வந்து, மே மாதத்திலிருந்து வாடகை இவ்வளவு என்று சொல்லிவிடுவார். கட்டுப்படியானால் இருக்கலாம், ஆகாவிட்டால் அன்றைக்கே மனம் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். வீடுகளில் ‘டூ-லெட்’ அட்டைகள் தொங்கும். குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே முன்பின் தெரியாதவர்கள் வந்து அடுப்படியையும் படுக்கையறையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதே நேரம் அந்த வீட்டில் குடியிருப்பவள் வேறு யாருடைய அடுப்படியையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிக்கலெல்லாம் கடைசி நாளில்தான். ஊரே ஒரே நாளில் மாறும்போது காலி வீடு என்று ஒன்று எங்கே இருக்கும்? இவர் போக வேண்டிய வீட்டில் அவர் இன்னும் இருக்கிறார். அவர் போக வேண்டிய வீட்டில் மூன்றாவது ஒருவர். ஒன்பது மணிக்குள் கட்டி முடிக்காதவர் தன் குடும்பத்தை மட்டுமா தெருவில் நிறுத்துகிறார்? தன் வாசலில் வண்டியோடு காத்திருக்கும் குடும்பத்தையும், அதன் பின்னால் இருக்கும் சங்கிலி முழுவதையும் நிறுத்துகிறார். முன்கூட்டியே போய் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வரவும் வழியில்லை. ஆக, முந்தின இரவு வரை சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிய வீட்டை விடிந்ததும் வண்டியில் ஏற்றியாக வேண்டும்.

அன்றைக்கு வண்டிக்காரர்கள்தான் ராஜா. நகர நிர்வாகத்திடம் உரிமம் பெற்றவர்கள் அவர்கள். கூலிக்கும் விதி இருந்தது. ஆனால் கட்டிலும் குழந்தையுமாகத் தெருவில் நிற்பவரிடம் விதியைப் படித்துக் காட்டி என்ன பயன்? கேட்டதைக் கொடுத்தால்தான் வண்டி நகரும். லாங் ஐலண்டு, நியூஜெர்சிப் பக்கத்து விவசாயிகளும் இந்த ஒரு நாள் வரும்படிக்காகத் தங்கள் வண்டிகளை நகரத்துக்கு ஓட்டி வந்தார்கள்.

அட்டைப்பெட்டியே இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. பீங்கானும் கண்ணாடியும் வைக்கோல் திணித்த மரப்பீப்பாய்களில் போயின. தரையில் ஆணி அடித்துப் பொருத்திய கம்பளங்களைப் பிடுங்கிச் சுருட்ட வேண்டும். நெளிதாள் உறைக்கு ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற நியூயார்க்காரர் காப்புரிமை வாங்கியது 1871இல்தான். சில ஆண்டுகள் கழித்து, காகிதப் பை செய்துகொண்டிருந்த ராபர்ட் கேர், அட்டையை ஒரே அழுத்தில் வெட்டி மடிப்புக்கோடும் போடும் வழியைக் கண்டுபிடித்தார். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் அச்சு இயந்திரத்தின் தகடு தவறிப்போய்ப் பைகளை வெட்டிவிட்டதாம், அதைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம். கடைச் சரக்குக்காகப் பிறந்த பெட்டிதான். வீடு மாறுகிறவர்கள் கையில் அது பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வசதியுள்ளவர்கள் கோடைக்குக் கிராமப்புறம் போகப் பழகினார்கள். மே மாதம் வீட்டைக் காலி செய்து, சாமானைக் கிடங்கில் போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் அக்டோபரில் வேறு வீடு பிடித்தார்கள். இப்படி அக்டோபர் முதல் தேதியும் ஒரு வீடு மாறும் நாளாயிற்று. பிறகு இரண்டாம் உலகப்போர். சாமான் தூக்கும் ஆட்கள் படைக்குப் போனார்கள், வீட்டுப் பஞ்சம் வந்தது, வாடகைக் கட்டுப்பாடு வந்தது. கிடைத்த வீட்டை விட்டு யார் கிளம்புவார்கள்? வழக்கம் அதோடு முடிந்தது.

முடிந்தது நியூயார்க்கில். வடக்கே எல்லையைத் தாண்டினால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

அங்கேயும் பழைய தேதி மே முதல் தேதிதான். பனி உருகும் முன்னால் குடியானவனை நிலக்கிழார் வெளியேற்றிவிடக் கூடாது என்ற அக்கறையில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வேர்விட்ட வழக்கம் என்கிறார்கள். கப்ரியேல் ருவா 1945இல் எழுதிய ‘போனர் தொக்காசியோன்’ நாவலில், மான்ட்ரியல் நகரத்தின் ஏழைப் பேட்டையான சென்-ஆன்றியில் வசிக்கும் குடும்பம் வசந்தம் வந்தாலே வீடு தேடி அலையும். படிக்கிற பிள்ளைகளைப் பள்ளி ஆண்டின் நடுவில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறதே என்று 1970களின் முற்பாதியில் கியூபெக் அரசு ஒரு முடிவெடுத்தது: ஏப்ரல் 30இல் முடியும் ஒப்பந்தங்கள் ஜூன் 30 வரை நீளட்டும். அன்றிலிருந்து ஜூலை முதல் தேதி. அதுவே கனடாவின் தேசிய நாளாகவும் இருப்பதால், கியூபெக்காரர்கள் கொடி பிடிக்காமல் கட்டில் பிடிக்கட்டும் என்றே கனடாவிலிருந்து பிரியக் கேட்ட பிரிவினைவாதிகள் செய்த சதி என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அப்போது ஆட்சியில் இருந்தது பிரிவினையை எதிர்த்த லிபரல் கட்சி என்பது வேறு விஷயம்.

இன்று எந்தச் சட்டமும் ஜூலை முதல் தேதியைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அன்றைக்குத்தான் தொடங்குகின்றன. வாடகையை உயர்த்த நினைக்கும் வீட்டுக்காரர், ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால், அது முடிவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அந்தக் கடிதம் வரும். குடியிருப்பவர் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். நியூயார்க்கின் பிப்ரவரி முதல் தேதி இங்கே தபாலில் வருகிறது. வாசலில் பனி குவிந்து கிடக்கும்போதே, ஜூலை வெயிலில் குளிர்பெட்டி தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

குளிர்பெட்டி என்று சும்மா சொல்லவில்லை. அடுப்பும் குளிர்பெட்டியும் இல்லாமலே பல வீடுகள் வாடகைக்கு வருகின்றன. அவற்றையும் குடித்தனக்காரர்தான் சுமந்து போக வேண்டும். மான்ட்ரியலின் பழைய குடியிருப்புகளில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே இரும்பில் வளைந்து வளைந்து ஏறும். அஞ்சலட்டையில் பார்க்க அழகு. முதுகில் பட்டையைக் கட்டி அதில் குளிர்பெட்டியை இறக்குகிறவரிடம் அழகைப் பற்றிக் கேட்கக் கூடாது. வீடுகளை அங்கே மூன்றரை, நாலரை என்று அரைக் கணக்கில் சொல்வார்கள். அந்த அரை குளியலறை. லாரி கிடைக்காதவர்கள் சைக்கிளுக்குப் பின்னால் இழுவண்டி கட்டுகிறார்கள். உதவிக்கு வரும் நண்பர்களுக்குக் கூலி பீட்சாவும் பீரும். மறுநாள் நடைபாதையெங்கும் மெத்தையும் சோபாவும் கிடக்கும், புதிதாக வந்த மாணவர்கள் அவற்றில் தங்கள் வீட்டுக்கு வேண்டியதைப் பொறுக்குவார்கள்.

மான்ட்ரியலில் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்களும் குடியேறி வாழ்கிறார்கள். ஜூலை முதல் தேதி நம் கணக்கில் ஆனி நடுப்பகுதி. புதுமனை புக ஆனியும் ஆகாது என்பார்கள் பஞ்சாங்கத்தைக் கறாராகப் பார்ப்பவர்கள். ஆடிக்கு இரண்டு வாரம் முந்திக்கொண்டதே, அந்த மட்டும் கியூபெக் அரசுக்கு நன்றி சொல்லலாம். பால் காய்ச்சுவதில்தான் சங்கடம். ஊரில் என்றால் நல்ல நாள் பார்த்துப் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமானைச் சாவகாசமாக ஏற்றலாம். இங்கே முந்தின நாள் வரை அந்த வீட்டில் இன்னொரு குடும்பம். அவர்களுடைய கடைசிப் பெட்டி இரும்புப் படியில் இறங்கி முடியும்வரை பால் சட்டி, அரிசி, உப்பு, மஞ்சள், சாமி படம் இருக்கும் பை மட்டும் லாரியில் ஏறாமல் யாராவது ஒருவர் மடியில் காத்திருக்கும்.