பாடப்பொருளும் முதலீடும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடநூலொன்றை ஆராயும்பொழுது அதன் பொருளையும் நடையையும் நோக்குகிறோம். அதனை ஆக்கும் செலவை யார் ஏற்றார் என்ற வினாவை அரிதாகவே எழுப்புகிறோம். எனினும், எம்மொழியில், யாருக்காக, எத்தனை காலத்துக்குக் கல்வி கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பதில் அவ்வினாவுக்கு முக்கிய இடமுண்டு. இணையவழிக் கல்வித் தளங்கள் பெருகியுள்ள இன்று அது மீண்டும் முன்னெழுகின்றது.

யாழ்ப்பாண வரலாறு இங்கு துணைபுரியும். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிசனின் ஆதரவில் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து சைவப் பாடநூல்களை வெளியிட்டார். இருவர் முயற்சிக்கும் பின்னால் குறிப்பிட்ட சமூக சக்திகளின் பணமும் நோக்கமும் இருந்தன. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அதற்கு முன்னரே, 1870இல், குடியேற்ற அரசு கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளியைத் தொடக்கியிருந்தது. தமிழ் நூல்கள் எஞ்சின. அவற்றைத் தாங்கிய கல்விமரபு தளர்ந்தது. பாடப்பொருள் இருந்தாலே கல்வி நிலைக்கும் என்பது தவறு.

1945இல் இலவசக் கல்வியும், 1980இல் இலவசப் பாடநூலும் வந்தபோது செலவு பொதுச் செலவாயிற்று. வறியவர் வீட்டுக்கும் பாடநூல் சென்றது.

இணையத்திலும் இவ்விரு போக்குகள் மோதுகின்றன. 2003இல் இந்திய அரசின் நிதியுடன் தொழில்நுட்பக் கழகங்கள் தொடங்கிய என்.பி.ரி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சில தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. மறுபுறம், 2012இல் ஹாவார்ட்டும் எம்.ஐ.ரி.யும் தலா 30 மில்லியன் டொலரை ஒதுக்கி, இலாபநோக்கற்றதாக எடெக்ஸ் தளத்தை நிறுவின. பல்கலைக்கழக ஆசிரியரின் உழைப்பில் அதன் பாடங்கள் உருவாகின. 2021இல் அத்தளம் 2யூ என்ற வணிக நிறுவனத்துக்கு 800 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. 2024இல் அந்நிறுவனம் கடன்சுமையால் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பொதுநலன் கருதி ஆக்கப்பட்டதும் பண்டமாகலாம் என்பதற்கு இது சான்று.

ஒருகொடவத்தைத் தொழிலாளியின் பிள்ளை கைத்தொலைபேசியில் கற்கலாம். ஆயின் தமிழில் கற்குமா? இலாபம் தராத மொழிக்குச் சந்தை செலவிடாது. ஆகவே, பாடப்பொருளை ஆக்கும் நிதியும் அதன் உரிமையும் பொதுவுடைமையாக வேண்டும் என்ற கோரிக்கை, மொழியுரிமைக் கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது.