ஏர் நின்ற வயல்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் இரயில் பாறசாலையை அடையும்போது, நெய்யாற்றின்கரை வட்டத்தினுள் நுழைந்துவிடுகின்றது. பாறசாலை, குளத்தூர் முதலியன தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லை ஊர்கள். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. இப்பகுதியின் வெங்ஙானூரில் ஏழைகளின் நலம் நாடிய சங்கமொன்று தோன்றிய வரலாற்றை இன்று நாம் நினைவுகூர்வோம்.

திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், புலையர் முதலிய உழவுத் தொழிலாளர்க்குப் பொதுச் சாலையும் பள்ளியும் அடைபட்டே கிடந்தன. தேநீர்க் கடையில் அவர்களுக்குக் கிடைத்த கிண்ணம் கொட்டாங்கச்சியே.

அக்குடியில் 1863இல் பிறந்த அய்யன்காளி எழுத்தறியாதவர். எழுத்தின் அருமையை நன்கறிந்தவர். 1893இல் வில்வண்டியேறிப் பொதுச் சாலையிற் சென்று தடையை மீறினார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குக் கல்வி, உழைப்போர்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு, தூய்மையான வாழ்வு ஆகியவற்றை அச்சங்கம் நாடியது.

பள்ளியிற் சேர்க்க அரசு இசைந்தும், ஊரில் எதிர்ப்பு அடங்கவில்லை. தம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறவாதவரை வயலில் இறங்குவதில்லை எனத் தொழிலாளர் உறுதி பூண்டனர். ஏர் நின்றது, அவர்தம் குடிசைகளில் அடுப்பும் அணைந்தது. அந்நாளில் விழிஞ்ஞத்து மீனவர் அவர்களைத் தம் தொழிலிற் சேர்த்துக்கொண்டு பசி தீர்த்தனர். கூலிக்காக வேலை நிறுத்துவோர் பலர். பிள்ளைகளின் எழுத்துக்காகக் கூலியையே இழக்கத் துணிந்தோர் மிகச் சிலர்.

ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, எதிர்த்தோர் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். கருகிய இருக்கைப் பலகையொன்று அங்கே காக்கப்பட்டு வருகின்றது. 2022இல் அப்பள்ளிக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பெற்றது.

ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி, அங்கும் அவர் கல்விக்காக வாதாடினார். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் மக்களில் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்பதே தம் ஆசை என்றார். 1941இல் மறைந்தார்.

பிற மாநிலங்களில் வாழும் நாம், நம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேடி எவ்வளவோ அலைகின்றோம். நம் வீட்டைக் கட்டிய கூலியாளின் பிள்ளை எப்பள்ளியிற் படிக்கின்றது என்று என்றேனும் கேட்டோமா? அக்கேள்வியை எழுப்புவதே அய்யன்காளிக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.