'கலரா' விழுதல்: ஃபில்டரும் தோலும்

கருப்பு-வெள்ளைப் படமெடுக்கப் பழகுகிறவர் முதலில் வாங்கவேண்டியது மஞ்சள் ஃபில்டர் என்பார்கள். வானம் கொஞ்சம் கருக்கும், மேகம் எடுபடும். சிவப்பு போட்டால் பட்டப்பகலிலேயே மழை இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஆகிவிடும். மஞ்சளுக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் தரவேண்டும், சிவப்புக்கு எட்டு மடங்கு. திருவண்ணாமலையில் ஒரு பழைய ஃபிலிம் காமிராவோடு நான் இதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். கையேடுகள் சொல்வது இவ்வளவுதான். ஆனால் ஃபில்டர் எதையும் சேர்ப்பதில்லை; தன் நிறத்தை விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கிறது. யாரை, எதைத் தடுத்தது என்று கேட்டால் அது வரலாற்றுக் கேள்வியாகிவிடுகிறது.

முதல் ஃபில்டர் கண்ணாடியில் இல்லை, ரசாயனத்திலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தட்டுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். நீலவானம் வெறும் வெள்ளையாக விழும், சிவப்பு கருப்பாகும். 1858இல் மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்த லினியஸ் டிரைப், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைத் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஆவணமாக்கியவர். அந்த மனிதரே தன் நெகடிவ்களில் மேகங்களைக் கையால் வரைந்தும் சேர்த்தார். கல்வெட்டுக்கு 'உண்மை', வானத்துக்குத் தூரிகை!

வானத்தைத் திருத்தலாம். தோலை? 1868க்கும் 1875க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற காலனியத் தொகுப்பில் 400க்கும் மேற்பட்ட படங்கள். மெலனின் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். ஆகவே நீலத்தை மட்டும் காணும் தட்டில் மாநிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருத்துப்போகும். வெள்ளையர் முகத்துச் சிவப்பும் கருத்ததுதான். காசு கொடுத்துப் படமெடுத்துக்கொண்டவர் ஸ்டூடியோவில் 'டச்சிங்' கேட்கலாம். இனமாதிரியாக நிறுத்தப்பட்டவர் யாரிடம் கேட்பது? சதி என்று நான் சொல்லவரவில்லை. ரசாயனத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் அந்தப் பிம்பம் வகைப்படுத்தும் சொல்லாடலுக்குள் சாட்சியமாக நுழைந்தபோது அதன் குருட்டுத்தன்மையும் சேர்ந்தே நுழைந்தது.

1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் பார்க்கவைத்தார். சிவப்பையும் காணும் தட்டை 1906இல் லண்டனின் ராட்டன் அண்டு வெயின்ரைட் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1912இல் கோடக் அந்த நிறுவனத்தை வாங்கியது. மஞ்சளுக்கு 8, சிவப்புக்கு 25 என்று நாம் இன்றும் சொல்வது 'ராட்டன்' எண்கள்தான்.

இப்போது சிவப்பை மாட்டிக்கொண்டு ஒரு கோயில் மதிலைப் பாருங்கள். காவி-வெள்ளைப் பட்டையில் காவி வெளுத்து, வெள்ளையோடு கலந்துவிடும். பழைய தட்டிலோ அதே காவி கருப்பு. நெற்றிக் குங்குமமும் அப்படித்தான்: ஒன்றில் மறையும், மற்றதில் கரும்பொட்டாகும். முகத்தில் தழும்பும் புள்ளியும் மங்கி, தோல் ஒரு சுற்று வெளுக்கும். நம்மூரில் 'கலரா இருக்கா' என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். கருப்பு-வெள்ளைப் படத்திலும் 'கலரா' விழவேண்டும் என்பதன் விசித்திரத்தை நம் மொழியியலாளர்கள் யாராவது எழுதலாம். செல்போன் ஃபில்டர்கள் இந்த ஆசையைக் கண்ணாடியே இல்லாமல் நிறைவேற்றித் தருகின்றன.

217 அடி ராஜகோபுரத்துக்கு நான் ஆரஞ்சு போடுகிறேன். சுதை துலங்குகிறது, வானம் பின்வாங்குகிறது. கிரிவலப் பாதையில் ஆட்களை எடுக்கும்போது கழற்றிவிடுகிறேன். அப்போது வானம் வெளுத்துத்தான் கிடக்கிறது. கிடக்கட்டும்.