தட்டில் இருப்பது பாட்டு இல்லை

தாத்தாவின் இசைத்தட்டை முதல்முறை சுழலவிட்டபோது வந்தது கொசு ரீங்காரம். பேஸ் சுத்தமாக இல்லை. ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் கீறியது. வால்யூமை முழுக்கத் திருகியும் பாட்டு எங்கோ தூரத்து டீக்கடையில் ஒலிப்பது மாதிரிதான் இருந்தது. டர்ன்டேபிளை நேராக ஆம்பின் ஆக்ஸ் துளையில் செருகியிருந்தேன். ரிச்சி தெருவில் பழைய ஆம்ப்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் சிரித்தார். “தம்பி, தட்டுல இருக்கறது பாட்டு இல்ல. பாட்ட மடிச்சு வெச்சிருக்கான். பிரிக்கத் தெரிஞ்ச போனோ ஆம்ப் வேணும்.”

ஏன் மடிக்க வேண்டும்? தட்டை வெட்டும் ஊசி பக்கவாட்டில் ஆடுகிறது. ஒரே அளவு சத்தத்துக்கு, சுருதி இறங்க இறங்க அது அதிக தூரம் ஆட வேண்டும். அப்படியே விட்டால் பேஸ் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் பதிவின்போது பேஸைக் குறைத்தார்கள். மேல்சுருதிகள் தட்டின் கரகரப்பில் மூழ்கிவிடும் என்பதால் அவற்றைக் கூட்டினார்கள். கேட்கும்போது ஆம்ப் இரண்டையும் தலைகீழாக்க வேண்டும்.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் சண்டை. 1948இல் கொலம்பியா எல்பி வந்தது. 1949இல் ஆர்சிஏ விக்டரின் 45 சுற்றுத் தட்டு வந்தது. ஆளுக்கொரு கணக்கு. அக்கால ஆம்ப் சிலவற்றில் எந்தக் கம்பெனித் தட்டு என்று தேர்ந்தெடுக்கவே தனித் திருகு இருந்தது. யூனிகோடுக்கு முன் பாமினியில் தட்டிய கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்து விழித்தவர்களுக்கு இது புரியும். 1954இல்தான் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, ஆர்சிஏ விக்டரின் கணக்கை ஒட்டி ஒரு பொதுத்தரம் வகுத்தது. மொத்தமே மூன்று எண்கள்: 3180, 318, 75 மைக்ரோசெகண்ட்.

கேட்க எளிது. ஆனால் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை 1000 ஹெர்ட்ஸில் நூறு மடங்கு பெருக்கினால், 20 ஹெர்ட்ஸில் அதைப்போல ஒன்பது மடங்கு பெருக்க வேண்டும். 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே நுழைந்தால் அதுவும் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருகும். கார்ட்ரிட்ஜ் எதிர்பார்க்கும் 47 கிலோஓம் சுமை மாறினால் மேல்சுருதி கோணும்.

இதைவிட என்னை உலுக்கியது 1979இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் எழுதிய கட்டுரை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கணிதக்காரர். ஒரு சர்க்யூட்டில் ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும் ஒன்றையொன்று பாதிக்கும். ஒவ்வொரு ஜோடியையும் தனியாகக் கணக்கிட்டால் விடை தவறும். பலர் அப்படித்தான் கணக்கிட்டிருந்தார்கள். அதனால் பல ஆம்ப்கள் காதுக்கே தெரியும் அளவு பிசகியிருந்தன. தரம் வந்து 25 வருடம் கழித்து! லிப்ஷிட்ஸ் சரியான சூத்திரங்களை எழுதிக் கொடுத்தார்.

படித்ததும் நானே பற்றவைத்த போனோ ஆம்பைச் சந்தேகித்தேன். இணையத்தில் கிடைத்த சர்க்யூட். ஆபீஸில் கோடை அள்ளி ஒட்டுவது போலவே எண்களை ஒட்டியிருந்தேன். சிமுலேஷனில் போட்டுப் பார்த்தால், பேஸ் ஒன்றரை டெசிபல் அதிகம். மூன்று மாதமாக அதைத்தான் ‘வைனிலின் கதகதப்பு’ என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றிவிட்டுத் தாத்தாவின் தட்டை மறுபடி போட்டேன். கதகதப்பு கொஞ்சம் போய்விட்டது. ஆனால் பாடகி மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. தாத்தா தன் வால்வு ரேடியோகிராமில் இதைக் கேட்டிருப்பாரா, தெரியாது. வெட்டியவர் கேட்டிருப்பார். நடுவில் என் கைவேலை எதுவும் இல்லாமல் அது என்னிடம் வந்து சேர்ந்ததே, அது போதும்.