நடப்பு வட்டியும் நம் விருப்பமும்



கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். எந்த மொழி வேண்டும் என்று அது கேட்கிறது. தமிழ் என்கிறோம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், இரவில் மணி ஒலிக்க வேண்டாம் என்றும் சொல்லி வைக்கிறோம். மறுநாள் திறந்தால், சொன்னபடியே இருக்கிறது. நம் விருப்பம் எங்கே, எவ்வாறு எழுதி வைக்கப்பட்டது? இதை அறிய, பினாங்கு வீதியின் பழைய கிட்டங்கிகளுக்குள் ஒருமுறை சென்று வருவோம்.

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். துறைமுகம் வளர, நாட்டுக்கோட்டை நகரத்தாரும் வந்து கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி, பேரேடு, அவ்வளவுதான்.

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே தொழிலைக் கவனித்தவர் மேலாள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். வேறொருவர் வந்து பொறுப்பேற்பார். இன்னாருக்கு இன்ன வட்டி, இன்ன தவணை என்பது பழையவரின் நினைவில் மட்டும் இருந்தால், கப்பலோடு அதுவும் போய்விடும். பின்னர் வழக்குத்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொருவர் பெயரிலும் ஏட்டில் எழுதி வைத்தனர். ஆள் மாறினாலும் ஏடு மாறவில்லை.

கணிப்பொறிக்கும் இதுவே விதி. செயலி என்பது மேலாள். அது புதுப்பிக்கப்படும், தொலைபேசியும் மாறும். நம் விருப்பம் செயலியின் தற்காலிக நினைவில் மட்டும் இருந்தால் அன்றே மறைந்துவிடும். தரவுத்தளம் என்னும் பேரேட்டில் இருந்தால் நிலைக்கும்.

ஒரே பெயரில் பலர் இருந்தால் என்ன செய்வது? நகரத்தாரில் இராமநாதனும் அண்ணாமலையும் ஏராளம். எனவே ஒவ்வொரு கடையும் முதலெழுத்துகளால் ஆன ஒரு விலாசத்தால் அறியப்பட்டது. தரவுத்தளமும் பெயரை நம்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்து, விருப்பங்களை அதனோடு சேர்க்கிறது.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை விளக்கினார். அதன்படி விருப்பங்களை இரு வகையாக எழுதலாம். ஒருவருக்கு ஒரு வரி. மொழிக்கு ஒரு பத்தி, எழுத்தளவுக்கு ஒரு பத்தி என்பது முதல் வகை. இது தெளிவானது, ஆனால் புதிய விருப்பம் சேரும்போதெல்லாம் அட்டவணையையே மாற்ற வேண்டும். விருப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்பது இரண்டாம் வகை. இதில் புதியதைச் சேர்ப்பது எளிது. ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து புகுந்தாலும் அட்டவணை தடுக்காது.

அப்படியானால், எதுவுமே சொல்லாதவருக்கு என்ன எழுதுவது? இங்கே நடப்பு வட்டி நமக்கு வழிகாட்டுகிறது. ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோவிலில் கூடி அதை நிர்ணயித்தனர். நடப்புக் கணக்குகள் அந்த வட்டியைத் தொடர்ந்தன. தவணைக் கணக்குகளோ பேசிய வட்டியிலேயே தவணை முடியும்வரை நின்றன. அதுபோல, எதுவும் சொல்லாதவர் பொது அமைப்பைப் பின்பற்றட்டும். அவர் பெயரில் எதையும் எழுத வேண்டியதில்லை. தாமே ஒன்றைத் தேர்ந்தவருக்கு மட்டும், அது பொது அமைப்போடு ஒத்திருந்தாலும், எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் பொது அமைப்பு மாறும் நாளில், தமிழ் கேட்டவர் கேளாதவராகிவிடுவார்.

நேயர்களே, கிட்டங்கிப் பேரேடு தமிழில் இருந்தது. கடன் வாங்கிய சீனருள்ளும் மலாய்க்காரருள்ளும் அதைப் படிக்கக்கூடியவர் அரியர். எழுதியவரின் நேர்மையே அவர்களுக்குக் காப்பு. இன்று நம்மைப் பற்றிய பேரேடுகளும் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நடப்பில் உள்ளது. வணிக நிறுவனம் நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைக் கேட்டறியவும், பிழையிருப்பின் திருத்தச் சொல்லவும் அது நமக்கு உரிமை தருகிறது. ஏடு அவர்களுடையதாயினும், அதிலுள்ள விருப்பம் நம்முடையது. அந்த உரிமையைப் பயன்படுத்துவோம்.